பச்சை விளக்கு

அன்புள்ள கயல்,

அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, அந்தத் தண்ணீருக்குள் நடந்த ஒரு கதை எனக்குத் தெரியும்.

1939 மே 23. அமெரிக்கக் கடற்படையின் ஸ்குவாலஸ் என்ற புது நீர்மூழ்கிக் கப்பல் 59 பேரோடு சோதனைக்காக முங்கியது. வால்வுகளெல்லாம் மூடியாயிற்றா என்று காட்ட உள்ளே ஒரு விளக்குப் பலகை உண்டு. சிவப்பு என்றால் திறந்திருக்கிறது, பச்சை என்றால் மூடியிருக்கிறது. அன்றைக்கு எல்லாமே பச்சை. ஆனால் டீசல் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் பெரிய வால்வு திறந்து கிடந்தது. பின்பக்க அறைகளில் கடல் புகுந்துவிட்டது. மின் நிலையத்தில் 30 வருஷம் பேனல் முன்னால் உட்கார்ந்தவன் நான். அந்தப் பச்சையை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

நடுக் கதவருகே லாயிட் மேனஸ் என்ற எலக்ட்ரீஷியன். தண்ணீரில் தடுமாறி வந்தவர்களை உள்ளே விட்டார். வால் தாழ்ந்து சாய்ந்துவிட்ட கப்பலில், அந்தக் கனத்த இரும்புக் கதவை மேட்டுப் பக்கமாக இழுத்துச் சாத்தினார். அந்தப் பக்கம் 26 பேர். சாத்தாவிட்டால் யாருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள். கணக்கு சரிதான். அதனால் அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா?

மிச்சம் 33 பேர், 240 அடி ஆழத்தில், குளிரில். காற்றை மிச்சம் பிடிக்க அசையாமல் படுத்திருந்தார்கள். டெலிபோன் கம்பி அறுந்த பிறகு, சுத்தியலால் சுவரைத் தட்டித்தான் மேலே பேச்சு.

1925இல் எஸ்-51 என்ற நீர்மூழ்கி மூழ்கியபோது, தேடிப்போயும் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றவர் மோம்சென் என்ற கடற்படை அதிகாரி. பிறகு, ஆட்களை ஏற்றிவர மணி மாதிரி ஒரு இரும்புக் கூண்டை யோசித்து வரைந்து கொடுத்தார். காகிதம் ஆபீசில் தூங்கியது. அப்புறம் மெக்கன் என்ற இன்னொரு அதிகாரியின் கைபட்டு உருவான அந்தக் கூண்டு, மறுநாள் 7, 9, 9, 8 என்று நாலு நடையில் அத்தனை பேரையும் மேலே கொண்டுவந்தது. கடைசி நடையில் கம்பி சிக்கி, நாலு மணி நேரத்துக்கு மேல் நடுக்கடலில் தொங்கினார்கள்.

ஸ்குவாலஸைத் தேடிக் கண்டுபிடித்தது ஸ்கல்பின் என்ற இன்னொரு நீர்மூழ்கி. 1943 டிசம்பரில், மேலே தூக்கிச் சரிசெய்து செயில்ஃபிஷ் என்று பெயர் மாற்றிய அதே ஸ்குவாலஸ் ஒரு ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்தது. அதற்குள் கைதிகளாக ஸ்கல்பின் ஆட்கள் 21 பேர். ஒருவர்தான் பிழைத்தார். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி. போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய். அம்மா நம்பிவிடுகிறாள். நான் பேனல் ஆள். அடுத்த தடவை சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு என்று சொல்.

அப்பா