கிண்ணம் முதலில், அப்பம் பிறகு

ஆசிரியருக்கு,

அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணைச் சடங்கின் யூத வேர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், யூதரின் விடுதலைத் திருநாளான பாஸ்காவின் விருந்தோடு நின்றுவிடுகிறோம். அதைவிடத் தெளிவான சான்று 'திதாக்கே' என்னும் தொடக்கக் காலக் கிறிஸ்தவரின் சிறு கிரேக்க நூலில் இருக்கிறது. 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்ட அந்த நூலின் 9, 10-ஆம் அதிகாரங்களில் வரிசை இதுதான்: முதலில் கிண்ணத்துக்கு நன்றி, அடுத்துப் பிட்ட அப்பத்துக்கு நன்றி, வயிறார உண்ட பின் நீண்டதொரு நன்றி மன்றாட்டு. இறுதி இராவுணவில் இயேசு சொன்ன 'இது என் உடல்' என்ற வாக்கியமே அங்கு இல்லை!

இது யூதர் வீட்டு மேசையின் வரிசை. ஓய்வுநாள் மாலையில் இன்றும் திராட்சை இரசத்துக்கு ஆசி கூறிய பிறகே ரொட்டியைப் பிட்பார்கள். உண்ட பின் சொல்லும் 'பிர்கத் ஹமசோன்' உணவுக்கும் நாட்டுக்கும் நன்றி கூறி, எருசலேமுக்காக வேண்டுகிறது. திதாக்கேயில் எருசலேமின் இடத்தில் திருச்சபை. நாற்றிசையிலிருந்தும் அதைக் கூட்டிச் சேர்க்கும்படி மன்றாடுகிறார்கள். லூக்கா 22-இலும் அப்பத்துக்கு முன்பே ஒரு கிண்ணம் வருகிறது, கவனியுங்கள்.

அந்த இராவுணவை நினைவுகூரும் பெரிய வியாழனன்று சில பங்குக் கோவில்களில் யூதரின் இன்றைய பாஸ்கா விருந்தான செதேரை அப்படியே நடத்தி, இயேசு உண்டது இதுவே என்கிறார்கள். அது தவறு. அதில் நான்கு கிண்ணம் இரசத்தை விதிக்கும் யூதச் சட்ட நூலான மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 அளவில். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழியும்வரை அவ்விருந்தின் நடுநாயகம் பலியிட்ட ஆட்டுக்குட்டிதான். செதேருக்குப் பதிலாகத் திதாக்கேயின் மன்றாட்டுகளையே வாசிக்கலாம்; ஐந்து நிமிடம்கூட ஆகாது.