விருதம்பட்டு பஸ் ஸ்டாப்பில் பார்த்த அக்காவுக்கு

போன மாதம் பாலாற்றுப் பாலம் தாண்டி என் தம்பி பைக்கிலிருந்து விழுந்தான். ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியது. ரத்தம் இல்லை, எழுந்து நின்றான். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள், நானும் சரி, வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய நீங்கள் அந்த சோடாவை வாங்கிக் கீழே வைத்தீர்கள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாட்ச்சைப் பார்த்தீர்கள். "இடது தோள் வலிக்குதுக்கா" என்றான். "தோள்ல அடிபட்டுச்சா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றதும் உங்கள் முகம் மாறியது. நீங்களே ஆட்டோவை நிறுத்தி, ஆஸ்பத்திரி வரை கூட வந்தீர்கள்.

ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருந்தது. உள்ளே கசிந்த ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். டாக்டர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது, உங்களுக்கு அங்கேயே புரிந்திருக்கிறது. ரத்த அழுத்தம் நிலையாக இருந்ததால் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். படுக்கையிலேயே வைத்து, அடிக்கடி ஹீமோகுளோபின் பார்த்தார்கள், மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலை எடுத்திருந்தால் நிமோனியா போன்ற தொற்றுகளுக்குத் தடுப்பூசி போட்டு, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பயந்துகொண்டு இருக்க வேண்டியிருக்குமாம். மண்ணீரல் மிஞ்சியது உங்களால்தான் அக்கா.

இப்போது வீட்டில் இருக்கிறான். பைக், கிரிக்கெட், பாரம் தூக்குவது எதுவும் சில மாதங்களுக்குக் கிடையாது. அம்மா தினமும் உங்களைப் பற்றிப் பேசுகிறார். பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

நீலப் பூப்போட்ட உங்கள் குடை ஆட்டோவிலேயே தங்கிவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.