தோப்பு வீட்டு ராத்திரிக் கேமரா

தருமபுரி

அன்புள்ள மாப்ள,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நீ அனுப்பிய ராத்திரிப் பதிவை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். கேட்டைத் தாண்டி ஆள் வருவது தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் திட்டு. 8 மெகாபிக்சல் கேமரா வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. அதே அளவு சென்சாரில் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) பிக்சலைக் கூட்டினால் ஒவ்வொரு பிக்சலும் சிறுத்துப்போகும், அதில் விழும் வெளிச்சமும் குறையும். பகலில் பளிச்சென்று இருக்கும், ராத்திரியில் இப்போது இருப்பதைவிட மோசமாகும். உன் 4 மெகாபிக்சலே போதும். அதன் முன்னால் நிற்பதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பதிவின் இடது மூலையைப் பார். சுண்ணாம்பு அடித்தாற்போல் ஒரு கொப்பு வெள்ளைவெளேரென்று நிற்கிறதே, அது உன் வாசல் மாமரம்தான். பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரியில் கேமரா வீசும், கண்ணுக்கு எளிதில் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) வெளிச்சத்தையோ பெருமளவு திருப்பி அடிக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும். கொப்பு 1 மீட்டரில், கேட்டு 10 மீட்டரில் என்றால், இலைக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் கேட்டுக்குப் போய்ச் சேரும். கேமரா அந்த வெள்ளை இலையைப் பார்த்து வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வாங்கும் வெளிச்சத்தை, குறைக்கிறது. கேட்டு இருட்டாகிறது. கொப்பை வெட்டிவிடு, காய்க்கிற கொப்பாயிற்றே என்று மனசு வராவிட்டால் கேமராவை இரண்டடி வலப்பக்கம் நகர்த்து. சன்ஷேடின் அடிப்பக்கம், பக்கச் சுவர், இவற்றில் எதுவும் படத்துக்குள் வரக்கூடாது.

ஒட்டடையும் இதே கதைதான். கண்ணாடிக்கு இரண்டு விரற்கடை முன்னால் ஒரு சிலந்தி நூல் தொங்கினால், திரையில் அது தாம்புக்கயிறு தடிமனுக்கு ஊசலாடும். ராத்திரி முழுக்க ஃபோனுக்கு அலர்ட் வருவது அதனால்தான். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் சுற்றிலும் தட்டிவிடு. கேமராவுக்கு நேர் மேலே இருக்கும் பல்பை வேறிடத்துக்கு மாற்று. மழை விட்டதும் ஈசல் அங்கேதான் மொய்க்கும், பூச்சிக்குப் பின்னாலேயே சிலந்தியும் வரும். கண்ணாடியில் படியும் கிரானைட் தூளைத் துண்டால் தேய்க்காதே, கீறல் விழும். முதலில் ஊதித் தட்டு, பிறகு ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடு. பின்வாசலில் இருப்பது அரைக்கோள மூடி போட்ட டோம் கேமரா இல்லையா? அதில் லென்ஸைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் கண்ணாடி மூடியில் ஒட்டி நிற்கிறதா பார். இடைவெளி விட்டால் உள்ளுக்குள்ளேயே ஐஆர் சுற்றி வந்து படம் முழுக்கப் பால் கலங்கினாற்போல் ஆகும்.

அடுத்தது கரண்ட். சாயங்காலம் ஐஆர் எரிந்ததும் படத்தில் கோடு ஓடுகிறது, சில நேரம் கேமராவே அணைந்து எழுகிறது என்றாயே, அநேகமாக வோல்ட் இறங்குகிறது. பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியிலிருந்து, படத்துக்கும் கரண்டுக்கும் சேர்த்து வரும் மெல்லிய 3+1 கேபிளில் 30 மீட்டர் இழுத்திருக்கிறாய். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அரை ஆம்பியர் ஓடினாலே போக வர 2.5 வோல்ட் போய்விடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி என்றால் இன்னும் மோசம். பகலில் அளந்து பயனில்லை. இருட்டிய பிறகு, கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார். 10.8க்குக் கீழே காட்டினால் வாசலிலேயே தனி 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்துவிடு.

இப்போது முகம் ஏன் கலைகிறது என்பதற்கு வருகிறேன். ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரத்தை, ஆட்டோவில் விட்டால் இருட்டில் அது 1/6 செகண்ட் வரைகூட இறங்கும். படம் வெளிச்சமாக, அழகாகத் தெரியும். பொருத்துகிறவர்களும் அதைக் காட்டித்தான் திருப்திப்படுத்துவார்கள். ஆனால் சாதாரணமாக நடக்கிறவன் அந்த 1/6 செகண்டில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான், ஒரு முகத்தின் அகலத்துக்கும் மேல். 1/25 வைத்தால் 5 சென்டிமீட்டர், 1/50 வைத்தால் 2.5. டிவிஆரிலிருந்தே கேமரா மெனுவுக்குள் போய் 1/25க்குக் கீழே இறங்காமல் பூட்டு. படம் சற்று இருளும், இருளட்டும். அதற்காகக் கெயினை (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகும். அந்தப் புள்ளிகளை அடக்கும் டிஎன்ஆரை முழுக்க ஏற்றினால் நடக்கிறவனுக்குப் பின்னால் ஆவி போல வால் நீளும். இரண்டையும் நடுவில் வை. வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் டபிள்யூடிஆர் ராத்திரிக்கு வேண்டாம். பதிவைச் சுருக்கும் முறை எச்.265, செகண்டுக்கு 15 ஃபிரேம், பதிவின் வேகம் 4096 கேபிபிஎஸ் என்று வை. ஒரு கேமராவுக்கு நாளைக்கு 44 ஜிபி ஆகும், 1 டிபி டிஸ்க்கில் 22 நாள் நிற்கும்.

குறையும் வெளிச்சத்தை வெளியிலிருந்து கொடு. 850 நானோமீட்டர் ஐஆர் விளக்கு ஒன்றைக் கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி மாட்டி, கேமராவின் சொந்த ஐஆரை அணைத்துவிடு. 940 நானோமீட்டர் விளக்கும் உண்டு, அது கண்ணுக்குத் துளியும் தெரியாது, ஆனால் சென்சாருக்கும் மங்கலாகவே தெரியும். மார்கழிப் பனியிலும் இந்தத் தள்ளி வைப்பு உதவும்: தொப்பூர் கணவாயில் மூடுபனிக்குள் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புமே, லென்ஸை ஒட்டியே ஐஆர் எரிந்தாலும் அதுதான் நடக்கும்.

இவ்வளவு செய்தும் கேட்டருகே முகம் அடையாளம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகத்தை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். உன் 2.8 எம்எம் லென்ஸ் 10 மீட்டரில் 24 மீட்டர் அகலத்தை அள்ளுகிறது. 2560 பிக்சலை அதில் பங்கிட்டால் மீட்டருக்கு 107தான். அது முற்றத்துக்கு இருக்கட்டும். கேட்டுக்கென்று பார்வை குறுகலான 6 எம்எம் லென்ஸில் இன்னொரு கேமரா மாட்டு, ஏறத்தாழ 260 கிடைக்கும். காசு செலவழிப்பதானால் இதற்குச் செலவழி.

எல்லாம் முடிந்ததும் அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரியில் வாசல் பல்பை அணைத்துவிட்டுத் தம்பியைக் கேட்டிலிருந்து திண்ணை வரை நடக்கச் சொல். லைவ் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதே, பதிவை நடுவில் நிறுத்திப் பார். அந்தப் பதிவையும் மல்டிமீட்டர் காட்டிய எண்ணையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்