ஜூன் மாதச் செலவுக்கு மார்ச் மாதப் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு தரும் பள்ளி மானியத்தைத் தலைமையாசிரியர்கள் செலவு செய்யத் தெரியாமல் திருப்பி அனுப்புவதாகச் சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். விதிமுறைகளைப் படிக்காமல் தாங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆகவே 30 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்பதும் தெரிந்திருக்கும். அந்தத் தொகையை மட்டும் ஏனோ தலையங்கத்தில் காணோம்.

10,000 ரூபாய். மாதத்துக்கு 833. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும் என்பது விதி. அதாவது கழிப்பறைக்கும் கைகழுவும் இடத்துக்கும் மாதம் 83 ரூபாய். பிளீச்சிங் பவுடர், பினாயில், துடைப்பம், பிரஷ், வாளி, சோப்பு எல்லாம் இந்த 83-க்குள். மிச்சத்தில் சாக்பீஸ், பதிவேடுகள், கற்பித்தல் பொருள்கள், பழுதான மின்விசிறி, உடைந்த குழாய், ஒழுகும் ஓடு. மின் கட்டணம், இணையக் கட்டணம், குடிநீர் ஆகியவற்றையும் இதிலேயே செய்துகொள்ளலாம் என்று மத்திய விதிமுறை தாராளமாக அனுமதிக்கிறது.

அதே பள்ளியில் இன்னொரு பிள்ளை சேர்ந்து 31 ஆகிவிட்டால் மானியம் 25,000. நூறு பேர் வரைக்கும் அதே 25,000. 101-வது பிள்ளை வந்தால் 50,000. நாட்டின் எல்லாப் பள்ளிகளின் விவரங்களையும் திரட்டும் யூடைஸ் பதிவுக்கான கணக்கு செப்டம்பர் 30 நிலவரப்படி எடுக்கப்படுகிறது. அதற்கு முந்தைய வாரம் ஒரு குடும்பம் செங்கல் சூளை வேலைக்குப் புறப்பட்டுப் போனால் பள்ளிக்கு 15,000 ரூபாய் போயிற்று. பிள்ளை ஒன்று குறைந்ததால் மோட்டார் ஒன்று குறைந்துவிடுமா, கழிப்பறை ஒன்று குறைந்துவிடுமா? 29 பேருக்கும் 60 பேருக்கும் அதே கிணறு, அதே தொட்டி, அதே சுற்றுச்சுவர்.

பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மானியம் ‘ஆண்டுக்காண்டு உயர்த்தப்படுகிறது’ என்று முன்பும் ஒருமுறை உங்கள் இதழில் வந்தது. 2010 வாக்கில், அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில், தொடக்கப் பள்ளிக்குப் பள்ளி மானியம் 5,000. மூன்று வகுப்பறை வரை உள்ள கட்டடத்துக்குப் பராமரிப்பு மானியம் 5,000. ஆசிரியர் ஒருவருக்குக் கற்பித்தல் பொருள்களுக்காக 500. ஈராசிரியர் பள்ளிக்குக் கூட்டினால் 11,000. 2018-ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபோது 25,000 முதல் ஒரு லட்சம் வரை என்று முழங்கினார்கள். இன்று அதே ஈராசிரியர் பள்ளி, 30 பிள்ளைகளோடு, 10,000-ல் நிற்கிறது. சாக்பீஸ் பெட்டியின் விலை இந்தப் பதினைந்து ஆண்டுகளில் இறங்கியிருக்கிறதா என்று தங்கள் அலுவலகத்தில் யாரையாவது அனுப்பி விசாரிக்கலாம்.

இனித் திருப்பி அனுப்பும் விஷயம். 2021-ல், திட்டப் பணத்தை மாநிலம் முழுவதற்கும் ஒரே கணக்கில் வைத்துக்கொள்ளும் ஒற்றை முனைக் கணக்கு முறை வந்ததிலிருந்து பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கு பூஜ்ய இருப்புக் கணக்கு. அதில் பணம் வந்து உட்காருவதே இல்லை. இவ்வளவு வரை எடுக்கலாம் என்று ஒரு வரம்பை மேலிருந்து ஏற்றுவார்கள். மார்ச் 31 நள்ளிரவோடு மீதி வரம்பு காலாவதி. பள்ளியில் இல்லாத பணத்தை நாங்கள் எப்படித் திருப்பி அனுப்பினோம் என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

அந்த வரம்பு ஜூனில் ஏறினால் பிரச்சினையே இல்லை. ஏறுவதோ ஜனவரி, பிப்ரவரி, சில ஆண்டுகளில் மார்ச் நடு. அதற்குப் பிறகு மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுத வேண்டும், விலைப்புள்ளி வாங்க வேண்டும், பொருள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகு அரசுப் பணப் பட்டுவாடாவுக்கான பி.எஃப்.எம்.எஸ். இணையதளத்தில் கடைக்காரரைப் பதிந்து, ஒருவர் உள்ளீடு செய்ய இன்னொருவர் ஒப்புதல் கொடுத்து, பணப்பட்டுவாடா ஆணையை அச்செடுத்து, தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்திட்டு வங்கியில் சேர்க்க வேண்டும். குழுத் தலைவர் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்கோ வயல் வேலைக்கோ போகிற ஒரு தாய். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவர் வங்கிக்கு வருகிறார். அதற்குப் பிறகு பாஸ்புக்கில் ‘மு. செல்வம்’ என்றும் தளத்தில் ‘செல்வம் மு’ என்றும் இருந்தால் பட்டுவாடா நிராகரிக்கப்படும். வங்கிகள் இணைந்தபோது மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைக் கடைக்காரர் பழையபடி கொடுத்திருந்தாலும் அதே கதிதான். திரும்ப முதலிலிருந்து. மார்ச் கடைசி வாரத்தில் தளம் என்ன வேகத்தில் நகரும் என்பதையும் தாங்கள் அறிந்திருப்பீர்கள்.

ஒரே ஒரு தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மே மாதம் முழுக்க ஓடாமல் கிடக்கிறது. வண்டல் இறுகி உள்ளே விசிறி பிடித்துக்கொள்ளும், மோட்டாரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கெப்பாசிட்டரும் வலுவிழந்திருக்கும். ஜூனில் பள்ளி திறந்த அன்று சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றாமல் முனகும். மின்னழுத்தமும் குறைவாக இருந்துவிட்டால் ‘காயில்’ எனப்படும் உள்கம்பிச் சுருள் சூடேறி எரிந்துவிடும். மின்சாரம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயைச் சரியான அளவில் வைக்காமல் தளர்த்தி வைத்திருந்தால் அதுவும் காப்பாற்றாது. இதைத் தவிர்ப்பது எளிது. ஏப்ரலில் கெப்பாசிட்டரை மாற்றி, விடுமுறையில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டி, தண்ணீர் இல்லாதபோது தானாக நிற்கும் கருவி ஒன்றைப் பெட்டியில் பொருத்தினால் போதும். காயில் கட்டும் கூலி, குழாய்களைக் கழற்றி மேலே தூக்கும் ஆட்கூலி எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் இது சொற்பச் செலவு. ஆனால் ஏப்ரலில் வரம்பு பூஜ்யம். மே, ஜூனிலும் பூஜ்யம்.

தண்ணீர் இல்லாமல் பள்ளி ஒரு நாள் நடக்காது. காலை உணவுத் திட்டம் வந்தபின், நல்ல திட்டம்தான், விடியற்காலையிலேயே தொட்டி நிறைந்திருக்க வேண்டும். எனவே தலைமையாசிரியர் சொந்தப் பணத்தில் காயில் கட்டுகிறார். அதைத் திரும்ப எடுக்க நேர்வழி கிடையாது. பட்டுவாடா கடைக்காரர் கணக்குக்கு மட்டுமே போகும். ஒரே வழி, ஜூனில் செய்த வேலைக்கு மார்ச் தேதியிட்டுப் புது பில் வாங்கி, கடைக்காரர் கணக்குக்குப் போன பணத்தை அவரிடமிருந்து ரொக்கமாக வாங்கிக்கொள்வது. யோக்கியமாகச் செலவழித்தவரைப் பொய் பில் வாங்க வைக்கிற ஏற்பாடு இது. அதற்குத் துணியாதவர்களின் வரம்புதான் காலாவதியாகிறது. அவர்களைத்தான் தாங்கள் செலவு செய்யத் தெரியாதவர்கள் என்கிறீர்கள். ஊர் எலக்ட்ரீஷியனிடம் ஜி.எஸ்.டி. எண் கேட்கும் தணிக்கையைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

நன்கொடையாளர்களை நாடலாமே என்றும் யோசனை கூறியிருந்தீர்கள். நன்றி. நன்கொடையாளர் ஸ்மார்ட் டி.வி. கொடுப்பார், சுவரில் வண்ணம் அடித்துக் கொடுப்பார், ஏனென்றால் அங்கே பெயர் எழுதலாம். கெப்பாசிட்டரிலும் பினாயில் பாட்டிலிலும் பெயர் எழுத இடமில்லை. அவர் கொடுத்த டி.வி. ஓடும் மின்சாரத்துக்கும், அது பழுதானால் சரிசெய்யும் செலவுக்கும் யார் பொறுப்பு என்பது நன்கொடைக் கடிதம் எதிலும் வருவதில்லை.

இந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் 2024-25-க்கான மத்தியப் பங்கு 2,152 கோடி வராமல் நின்றதும், மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றதும் உங்கள் பக்கங்களில் விரிவாக வந்தன. யார் பக்கம் நியாயம் என்று பக்கம் பக்கமாக விவாதித்தீர்கள். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீட்டில் அந்த 60 வராத ஆண்டில், சாக்பீஸை யார் வாங்கினார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

30-ஐ ஒட்டிய அந்த வெட்டை எடுத்துவிட்டு, எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதையும், பாதி வரம்பை ஜூன் முதல் வாரத்தில் ஏற்றுவதையும், சில்லறைச் செலவுக்குச் சிறு முன்பணம் கையில் வைத்துக்கொள்ள அனுமதிப்பதையும் அரசிடம் கேட்டுக்கொள்கிறோம். தங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: இனி மானியச் செய்தி போடும்போது தொகைக்குப் பக்கத்தில், பள்ளிக்கு வரம்பு ஏறிய தேதியையும் அச்சிடுங்கள். எந்த வட்டார வள மையத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

என் பெயரை வெளியிட வேண்டாம். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும்; பதில் எழுதுகிற வெள்ளைத்தாளும் அந்த 833-க்குள்தான் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்