கைலாய மண்டபத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்குச் சபையின் அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்கு வந்து வாயார வாழ்த்தியவர்களுக்கு நன்றி. "இவ்வளவு காசையும் கொட்டி மண்டபத்தை மொட்டை வெள்ளையாக விட்டிருக்கிறார்கள்" என்று வட்ஸ்அப்பில் எழுதியவர்களுக்காகத்தான் இதன் பெரும்பகுதி.

கூரை ஒழுக்கு, வயரிங், மடைப்பள்ளித் தரை, கிணறு இறைப்பு எல்லாம் முடிந்தன. அவற்றில் சண்டை ஒன்றும் வரவில்லை.

சரி, மண்டபம். ராவணன் கயிலையைத் தூக்கும் காட்சியை, அந்தக் காலத்தில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஸ்தபதி ஒரு சுவரில் செய்துவிட்டுப் போகவில்லை, மண்டபத்தையே மலையாக்கினார். ராவணனின் தோள்களுக்கிடையேதான் உள்ளே நுழைகிறோம், தூண்கள் அவன் கைகள், விதானம் முழுக்கக் கணங்களும் முனிவர்களும் மிரண்டு ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருக்க, நடுவில் பெருமான் விரலை ஊன்றியபடி அமர்ந்திருக்கிறார். அத்தனையும் வெள்ளைச் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்த சிற்பம், அந்தக் கால்விரலில் மட்டும் தங்க ரேக்கு. பழைய படங்களிலும் அப்படித்தான், சுரண்டிப் பார்த்தபோது அடிப்படலமும் வெள்ளைதான். நீலமும் பச்சையும் பிறகு வந்த ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய எனாமல்.

சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். எனாமல் அந்த வழியை அடைத்துவிடும். கொழும்புத் துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றோடு சேர்ந்து ஈரம் உள்ளே தங்கியது, உப்பு படிகமாகிச் சுதையைத் தள்ளியது, உள்ளிருந்த இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து வெடிக்க வைத்தது. ஆடி வெள்ளியன்று ஒரு முனிவரின் கை உடைந்து பூத்தட்டுக்குப் பக்கத்தில் விழுந்ததைப் பார்த்தவர்கள் இப்போது வர்ணம் கேட்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

இனி முதல் கொந்தராத்துக்காரர் விஷயம். அவர் சபையில் யாருக்கும் உறவினர் அல்ல, மூன்று விலைமனுக்களில் குறைந்தது அவருடையது, அதைத் தெரிவு செய்தது பொதுக்கூட்டம். எனாமலைச் சுரண்டுவதற்குக் கத்தியும் அதை இளக்கும் மருந்தும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க, அவருடைய ஆட்கள் கம்பித் தூரிகையும் தண்ணீர் பீய்ச்சும் மெஷினும் கொண்டுவந்து ராவணனின் இடப்பக்கக் கைகளில் நகம் தெரியாமல் தேய்த்துவிட்டார்கள், வெடிப்புகளில் சீமெந்தையும் அப்பினார்கள். சீமெந்து சுண்ணாம்பைவிட இறுக்கமானது, சேர்ந்து நிற்காது, தான் விழும்போது பழைய சுதையையும் பிடுங்கிக்கொண்டு விழும். அன்றைக்கே வேலையை நிறுத்தினோம். முழுக் காசும் வேண்டுமென்று அவர் சட்டத்தரணி கடிதம் அனுப்பினார். சாரம் கட்டிய கூலியை மட்டும் கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம், அதற்குமேல் ஒரு சதமும் போகவில்லை. பொருளாளர் அவரோடு பங்கு போட்டார் என்று பேசியவர்கள் வந்து பற்றுச்சீட்டுக் கோப்பைப் புரட்டலாம். இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

அந்தச் சீமெந்தைக் கொத்தி எடுக்க வந்த செலவு, அவருக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

அந்த நேரத்தில்தான் ஓர் அங்கத்தவரின் மகள் நியூயோர்க்கிலிருந்து சில படங்கள் அனுப்பினார். மன்ஹாட்டனில் சென் பீட்டர்ஸ் என்ற லூத்தரன் தேவாலயம், அதற்குள் 1977இல் லூயிஸ் நெவல்சன் என்ற சிற்பி செய்த சிற்றாலயம். அவர் யூதப் பெண். சுவரைச் சுற்றி மரச் சிற்பங்கள், எல்லாம் வெள்ளை, சிலுவையில் மட்டும் பொன். அங்கேயும் பின்னால் பூசிய பொருந்தாத பெயின்ட் உரிந்து தொங்க, அதை எடுக்கப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் செய்தால்தான் நம்புவீர்களா என்று கேட்காதீர்கள். பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசுவரம் இருக்கிறது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பியது, அங்கே போய்த் தூணுக்குப் பச்சை அடியுங்கள் என்று யாராவது கேட்பார்களா?

பிறகு தமிழ்நாட்டிலிருந்து சிற்பாசாரிகளை அழைத்தோம். மருந்துப் பசை தடவி எனாமலை இளக்கிச் சிறு கத்தியால் எடுத்தார்கள், காகிதக் கூழை நனைத்து ஒட்டி உப்பை உறிஞ்சினார்கள், கம்பிகளுக்குத் துருப்பிடிக்காத உருக்கு வைத்தார்கள், ஊறிய சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அரைத்த சாந்தைப் பூசினார்கள். ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டவர்களுக்கு: ஆறப் போடாமல் முடியாத வேலை இது, நாங்கள் படுத்துக் கிடக்கவில்லை. செலவு கூடியதற்குக் காரணம் 2022இன் பொருளாதார நெருக்கடி. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டபோது மருந்தும் உருக்கும் கூடவே ஏறின, சாமான் ஏற்றிவர லொறிக்கு டீசலும் இல்லை. அப்போதும் வேலையைக் கைவிடவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

கொடுத்தவர்கள்: செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்கள், ஜிந்துப்பிட்டி மாலை கட்டும் அம்மாமார், கொட்டாஞ்சேனை, வத்தளை, வெள்ளவத்தைக் குடும்பங்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து அனுப்பிய பழைய மாணவப் பிள்ளைகள், சாரத்துக்கு மரம் தந்த ஐந்துலாம்புச் சந்திக் கடைக்காரர், தங்க ரேக்கு முழுவதையும் கொடுத்துப் பெயர் போட வேண்டாம் என்ற ஐயா. பெயர்ப்பட்டியல் அலுவலகப் பலகையில் இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள், வரிசை மாற்றக் கேட்காதீர்கள். அதனாலேயே பாதித் தூக்கம் போயிற்று.

மண்டபத்துக்குள் இனிக் கற்பூரம் இல்லை. குருக்கள் ஐயாவின் சம்மதத்தோடு கொடிமரத்தடிக்கு மாற்றியிருக்கிறோம். மேசைவிசிறிகளையும் சுதையில் சாய்த்து வைக்கக் கூடாது. வாக்களித்து இன்னும் தராதவர்கள் மண்டலாபிஷேகத்துக்கு முன் பொருளாளரைப் பாருங்கள், சிற்பாசாரிகளுக்குக் கடைசித் தவணை நிலுவையில் இருக்கிறது.