அடுத்தது ஆருக்கு?

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உங்கள் மூன்று பேரின் சுகத்துக்கும் நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொன்னாய். நீளக் கதை என்றால் எனக்குக் கடுதாசியில்தான் வரும்.

நீ அனுப்பின புத்தகப் பெட்டி போன மாதம் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தேன். அடுத்த நிமிஷமே, இதுகளைப் பழுதாகாமல் எங்கே வைத்துப் பூட்டலாம் என்று யோசனை போனது. எங்கட ஆக்களுக்கு உள்ள நோய் இது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 வரையான புத்தகங்கள் எரிந்தபோது, நான் இரவல் எடுத்து வந்த ஒன்று வீட்டில் தப்பியது. ஒருத்தர் கையிலும் குடுக்காமல் அலுமாரியில் பூட்டியே வைத்திருந்தேன். 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் உன்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோதும் அது உள்ளேதான் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் அலுமாரியே இல்லை.

நான் புதன்கிழமைகளில் போகிற பள்ளிக்கூடத்திலும் கண்ணாடி அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கு, திறப்பு ஆரிடம் என்று தெரியாது. ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். பேச்சுப்போட்டி வைப்பினம், வென்றவருக்குக் கேடயம் குடுப்பினம். அப்போதும் அலுமாரி திறபடாது. அதனால் உன்ர புத்தகங்களைச் சந்தைக்குக் கொண்டுபோகிற கூடையில் போட்டு வேப்பமரத்துக்குக் கீழே வைத்துவிட்டேன்.

கோவியாதே, நீ பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்த தடித்த மட்டைக்காரர், பெரியாக்களின் சரித்திரமும் நீதிக்கதைகளும், இன்னும் கூடைக்கு அடியில்தான் கிடக்கினம். முதல் நாளே பறந்தது அந்த மெல்லிய மீன் புத்தகம். நாலாம் வகுப்புப் பெடியன் ஒருவன், தகப்பன் கடற்றொழில். பாடப்புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். திருக்கைப் படத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "ரீச்சர், முள்ளை வாலின்ர நுனியிலை கீறியிருக்கினம். பிழை. அது உள்ளுக்குத் தள்ளித்தான் இருக்கும்." பிறகு வேறு பிழையும் பிடிக்கவேணும் என்றே, எழுத்துக்கூட்டிக் கூட்டிக் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தான்.

வாசித்து முடிக்கிற பிள்ளையிடம் நான் கதைச்சுருக்கம் கேட்கிறதில்லை, படிப்பினையும் கேட்கிறதில்லை. ஒரு கேள்விதான்: "அடுத்தது ஆருக்கு?" பின்மட்டையில் ஒரு துண்டு ஒட்டியிருக்கு, அதில் பெயரை எழுதிவிட்டு அந்தப் பிள்ளையின் கையில் தானே குடுக்கவேணும். அவையின் தெரிவு என்னுடையதைவிட நுட்பம். வாயே திறவாத ஒரு பெட்டைக்குப் பேய்க்கதையைக் குடுத்தாள் ஒருத்தி. ஏன் என்றால், "அவள் பயப்பிடாள் ரீச்சர், ஒருத்தருக்கும் காட்டிக்கொள்ளாள்." முப்பது வருஷம் படிப்பித்த எனக்கு இது தோன்றியிராது.

உன்ர காலத்தில் எனக்கு இந்தப் புத்தி இருக்கவில்லை. கரண்ட் இல்லாத வருஷங்களில், ஜாம் போத்தல் விளக்கில் நீ வாசிப்பாய். விடிந்ததும் சுருக்கம் எழுதித் தா என்று கொப்பியை நீட்டுவேன். விஞ்ஞானக் கொப்பிக்குள் நீ ஒளித்து வைத்த சித்திரக்கதையை அடுப்புக்குள் வைத்ததும் நான்தான். முடிவு வாசிக்கவில்லை என்று அழுதாய். அதுக்குப் பிறகு பாடப்புத்தகம் தவிர ஒன்றையும் நீ தொடவில்லை. சோதினையில் நல்ல பெறுபேறு எடுத்தாய், நானும் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த முறை மெல்லிய புத்தகமாக அனுப்பு. எழுத்துப் பெரிதாக, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி போதும். வாங்க முன்னம் நடுப்பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசித்துப் பார், மூச்சு முட்டினால் அங்கேயே வைத்துவிடு. சிரிப்புக் கதை என்றால் ஒன்றிலேயே மூன்று பிரதி எடு. மூன்று பேர் ஒரே பக்கத்தில் சிரிக்கிறதைப் பார்த்தால் நாலாவது பிள்ளை தானாக வரும். சித்திரக்கதையும் அனுப்பு, இப்போது நான் அடுப்பில் வைக்கமாட்டேன்.

தமிழ்நாட்டுப் புத்தகம் என்றாலும் பரவாயில்லை. "எலுமிச்சை எண்டால் தேசிக்காயோ? பப்பாளி எண்டால் பப்பாசியோ?" என்று கேட்டுச் சிரிக்கினம். ஆனால் எங்கட மண்ணில் எழுதினதும் வேணும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல் காலமானவர். அவருடைய கத்தரித் தோட்டத்து வெருளிப் பாட்டை நான் சத்தமாக வாசித்த கிழமை, ஊர்த் தோட்டங்களில் நிற்கிற வெருளிகளுக்கெல்லாம் பெயர் விழுந்தது. ஒன்றுக்கு என்ர பெயர் என்று கேள்வி.

ஐந்தாம் வகுப்பார் மட்டும் கூடைப் பக்கம் எட்டியும் பார்க்கிறதில்லை. புலமைப்பரிசில் சோதினை, டியூசன். அதை எழுதப் போனால் எனக்குப் பிறஷர் ஏறும்.

ஒன்று சொல்ல மறந்துபோனேன். உன்ர மகன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அந்த மீன் பெடியன் துண்டில் "ரீச்சரின்ர பேரன், கனடா" என்று எழுதிக் கொண்டுவந்து தந்தான். சட்டம் என்றால் சட்டம்தானே. இந்தக் கடுதாசியோடு அந்தப் புத்தகமும் வருகிறது. திருக்கையின் முள்ளை அழித்துச் சரியான இடத்தில் பென்சிலால் கீறியிருக்கிறான். பக்கத்தில் இருக்கிற குழம்புக் கறை எங்கட வீட்டுக் கறை இல்லை.

அன்புடன்,
அம்மா