நாள் குறிக்கும் முன் அவர்களுக்கு ஒரு வழி செய்யுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் தங்கள் படைகளைத் திரும்ப அழைக்க நாள் குறிக்கும் தலைவர்களுக்கு,

வணக்கம்.

நான் சிங்கப்பூரில் பிரிட்டிஷாரின் செம்பவாங் கப்பற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளியின் மகள். 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை கிளம்பியபோது, தங்களையும் அழைத்துப்போகச் சொல்லிக் காபூல் விமான நிலையத்துக்கு வெளியே சாக்கடைக் கால்வாயில் நின்றபடி, கையிலிருந்த காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய மனிதர்களை நேற்று மறுபடியும் தொலைக்காட்சியில் பார்த்தேன். இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஆப்கானிஸ்தானில் தேதிகள் மாறிய கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 முடிவுக்குள் ஏறக்குறைய எல்லாரும் வந்துவிடுவார்கள் என்றார் ஒபாமா. பிறகு 5,500 பேர் இருப்பார்கள் என்றார், அப்புறம் 8,400 என்றார். டிரம்ப் காலத்தில் தாலிபானோடு போட்ட ஒப்பந்தம் 2021 மே 1 என்றது. பைடன் அதைச் செப்டம்பர் 11க்குத் தள்ளி, பின்பு ஆகஸ்ட் 31க்கு இழுத்தார். ஆகஸ்ட் 15இல் காபூல் தாலிபான் கையில் விழுந்துவிட்டது. நிலைமை மாறினால் முடிவும் மாறும், சரி. ஆனால் அந்தத் தேதியை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எங்களுக்கும் இப்படி ஒரு தேதி இருந்தது. 1967 ஜூலையில், எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் போவோம் என்றது லண்டன். நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். 1968 ஜனவரியில் திடீரென்று 1971 மார்ச் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பிரதமராக இருந்த திரு லீ குவான் இயூ நேரில் போய் வாதாடி, அதை 1971 டிசம்பர் ஆக்கினார். 1970இல் அங்கே ஆட்சி மாறியது, கொஞ்சம் படை இருக்கட்டும் என்றார்கள். அன்று சிங்கப்பூரின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்குக் குடியுரிமை இல்லை. தளம் போனால் வேலை போகும், வேலை போனால் இங்கே இருக்க விடுவார்களா என்ற பயம். மூடப்போகிறார்கள் என்றதுமே அம்மாவையும் இரண்டு வயதுத் தம்பியையும் ரஜுலா கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார். எனக்குப் படிப்பு இருந்ததால் நான் அப்பாவோடு தங்கினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதன் மூடியில் தன் பெயரையும் நாகப்பட்டினம் என்பதையும் வெள்ளைப் பெயின்ட்டில் அப்பா எழுதினார். தேதி தள்ளிப்போனதும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்து அழித்தார். ஆட்குறைப்புப் பேச்சு வந்ததும் திரும்ப எழுதினார். பிறகு மறுபடியும் அழித்தார். மூன்றாவது முறை எழுதியபோது அடியிலிருந்த பழைய எழுத்தும் சேர்ந்து தெரிந்தது.

மரத்தடி முருகனுக்குப் பங்குனி உத்திரத்தில் அப்பாவோடு காவடி எடுத்தவர்கள் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். அப்பாவுக்கு அதிர்ஷ்டம். தளத்துப் பட்டறையை 1968 இறுதியில் நம் அரசாங்கம் எடுத்து, செம்பவாங் கப்பல் பட்டறை ஆக்கியது. அதில் அவருக்கு வேலை நிலைத்தது, குடியுரிமையும் கிடைத்தது. அம்மா திரும்பி வர நான்கு வருடம் ஆனது. துறைமுகத்தில் தூக்க வந்த அப்பாவைத் தம்பி “மாமா” என்று கூப்பிட்டான். அன்று அப்பாவின் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

எங்களுக்காவது கேட்க ஓர் அரசாங்கம் இருந்தது, போக ஒரு பட்டறை இருந்தது. கால்வாயில் நின்ற அந்த மொழிபெயர்ப்பாளருக்கு என்ன இருந்தது? உங்கள் அதிகாரி கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். அதனால்தான் கேட்கிறேன், நாள் குறிக்கும் முன் அவர்களுக்கு ஒரு வழி செய்யுங்கள்.

தேர்தல் வந்தால் தேதி முன்னால் வருகிறது, முடிந்தால் பின்னால் போகிறது. உங்கள் படைவீரர்களின் தாய்மார்களும் இதே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் 2007 முதல் 2013 வரை 492 பேர் ஆப்கானிஸ்தானுக்குப் போய் வந்தார்கள், ஆகவே இது யாரோ வீட்டுச் சங்கதி என்று நாங்களும் ஒதுங்க முடியாது. ஒரு நாட்டுக்குள் போகும்போது எத்தனை கணக்குப் போடுகிறீர்கள், எத்தனை கூட்டம் நடத்துகிறீர்கள்! கிளம்பும்போது மட்டும் ஏன் சமையல்காரரும் ஓட்டுநரும் கணக்கில் வருவதில்லை?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த முறை தேதியை அறிவிக்கும் முன், உங்கள் முகாமில் சமைத்தவர், வண்டி ஓட்டியவர், மொழிபெயர்த்தவர் எல்லாருடைய பெயர்ப் பட்டியலையும் எடுங்கள். யார் உங்களோடு வரலாம், யாருக்கு எத்தனை மாதச் சம்பளம், ஆபத்து வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுங்கள். தேதி மாறினால், செய்தியாளர்களுக்குச் சொல்லும் முன் அவர்களிடம் சொல்லுங்கள். இதைத் தயவுசெய்து செய்யுங்கள்.

பணிவுடன்,
தளத்துத் தொழிலாளி ஒருவரின் மகள்
ஈசூன், சிங்கப்பூர்